சிரிக்காத கழுதைப்புலி

கோலாலம்பூரில் எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவனைக் கேட்டாலும் கழுதைப்புலியைப் பற்றி நாலு செய்தி சொல்வான். ஆப்பிரிக்காவில் இருக்கும், கூட்டமாகத் திரியும், சிங்கத்திடம் இரையைப் பிடுங்கும், பேய் மாதிரி சிரிக்கும். தொலைக்காட்சியும் யூடியூப்பும் சொல்லிக்கொடுத்த பாடம். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நாலும் புள்ளிக் கழுதைப்புலி என்ற ஒரே இனத்துக்குத்தான் பொருந்தும். நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி பினாங்கில் வந்து இறங்குவதற்கு முன்னால், தமிழ்நாட்டின் வறண்ட குன்றுகளின் அடிவாரத்தில் ஆடு மேய்த்த காலத்தில், அவர்களுக்குத் தெரிந்திருந்த கழுதைப்புலி வேறு. அது வரிக் கழுதைப்புலி. சிரிக்காது, பெருங்கூட்டம் சேர்க்காது, தன்னைவிடப் பெரிய விலங்கைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். இந்தியாவில் இன்று வாழும் ஒரே கழுதைப்புலி இனம் இதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் குடியேறியவர்களின் வாரிசுகள் இதில் பங்கு கேட்க முடியாது. இலங்கையில் இந்த விலங்கு கிடையாது.

வரிக் கழுதைப்புலியைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதில் பாதி, ஆப்பிரிக்க உறவுக்காரனின் கதையைத் தூக்கி இதன் தலையில் கட்டியதாக இருக்கிறது. அதனாலேயே இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலங்கின் பல், கால், மயிர், நாற்றம், கூச்சம் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே காரணத்தில் போய் முடிகிறது: தீனி குறைவான வறண்ட மண்ணில், மற்றவர்கள் விட்டுப்போன மிச்சத்தை நம்பி வாழ்வது.

உருவத்தைப் பார்ப்போம். எடை பெரும்பாலும் 25 முதல் 40 கிலோவுக்குள். தோள்வரை உயரம் 65 முதல் 80 சென்டிமீட்டர். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, விலாவில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்பு வரிகள், கால்களில் குறுக்குக் கோடுகள், தொண்டையில் கறுப்புத் திட்டு, கூர்மையான நீண்ட காதுகள். முன்னங்கால் நீளம், பின்னங்கால் குட்டை; அதனால் முதுகு பின்புறமாகச் சரிந்து இறங்கும். ஓட்டப் பந்தயத்துக்கான உடம்பு இல்லை இது. ஆனால் இரவு முழுக்க நடந்துகொண்டே இருக்க இது போதும், இந்த விலங்கின் பிழைப்பே நடைதான்.

பார்க்க நாய் மாதிரி இருந்தாலும் இது நாய்க் குடும்பம் இல்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் இதை நாயோடு சேர்த்து கானிஸ் ஹயீனா என்று பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் ஹயீனா ஹயீனா. பூனை, கீரி, புனுகுப்பூனை எல்லாம் இருக்கும் கிளையில்தான் இதற்கு இடம். டுரியான் சீசனில் நாம் வாய்நிறையச் சொல்லும் முசாங்கும் இதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். புதைபடிவங்களில் 60க்கும் மேற்பட்ட கழுதைப்புலி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இன்று மிஞ்சியிருப்பவை நாலு: புள்ளி, வரி, ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள பழுப்பு, அப்புறம் கறையான் தின்றே காலம் தள்ளும் ஆர்ட்வுல்ஃப்.

இனி பல்லுக்கு வருவோம். பினாங்கு மாமாக் கடையில் சூப் துலாங் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அந்தத் தட்டின் உண்மையான ருசி எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான். சதை எவ்வளவு ஒட்டியிருந்தாலும் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சும் அந்தக் கொழுப்புக்குத்தான் ஆள் வருகிறார்கள். காட்டில் ஒரு மாடு செத்துக் கிடந்தால் சதையை நரி, நாய், கழுகு, காக்கை எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும். மஜ்ஜை மட்டும் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அந்தப் பெட்டியை உடைக்கத் தெரிந்தவர் கடைசியாக வந்தாலும் பட்டினி கிடக்கமாட்டார். வரிக் கழுதைப்புலியின் வாயில் உள்ள 34 பற்களில், கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முன்கடைவாய்ப் பற்கள் கூம்பு வடிவில் தடித்து நிற்கின்றன. எலும்பு அங்கேதான் உடைபடும். அதற்கும் பின்னால் கத்தரிபோல வெட்டும் பற்கள் தனியாக உண்டு; தோலும் தசைநாரும் அவற்றின் பொறுப்பு. எலும்பை உடைக்கிற பல்லும் இறைச்சியை வெட்டுகிற பல்லும் தனித்தனியாக இருப்பதால், ஒன்று மழுங்கினாலும் மற்றது கெடாது. பற்களின் மேல்பூச்சான எனாமல்கூட உள்ளுக்குள் வளைந்து வளைந்து பின்னிய அமைப்பில் இருக்கிறது. விரிசல் விழுந்தாலும் நேராக ஓடிப் பல்லைப் பிளந்துவிடாது. மண்டையோட்டின் உச்சியில் ஓர் எலும்பு முகடு எழுந்து நிற்கும். தாடையை இழுக்கும் தசை அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது.

உடைத்த எலும்பு வயிற்றில் கரைந்து, மிஞ்சிய சுண்ணாம்பு எச்சத்தோடு வெளியே வருகிறது. காய்ந்ததும் அது வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். காட்டில் இந்த விலங்கைத் தேடுபவர்கள் முதலில் தேடுவது அந்த வெள்ளை எச்சத்தைத்தான்.

மிச்சம் என்றதும் பிணம் மட்டுமே தின்னும் விலங்கு என்று நினைத்துவிடக் கூடாது. கிடைத்ததைத் தின்னும். முயல், எலி, பல்லி, வண்டு, கறையான், ஊர்க்குப்பை எல்லாம் இதன் சாப்பாட்டில் உண்டு. மத்திய ஆசியாவில் ஆமையை ஓட்டோடு உடைத்துத் தின்பதாகப் பதிவுகள் இருக்கின்றன. இஸ்ரேலில் முலாம்பழத் தோட்டத்துக்குள் புகுந்து விவசாயிகளிடம் கெட்ட பேர் வாங்கியிருக்கிறது, பேரீச்சம்பழமும் பிடிக்கும். கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? எலும்பை நொறுக்கும் அதே வாய் முலாம்பழத்தையும் கடிக்கிறது. வறண்ட நாட்டில் பழம் என்பது பசிக்கு மட்டுமில்லை, தாகத்துக்கும் ஆகும்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் தீனியைத் தேட கூட்டம் போட்டுக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது. ஒரு செத்த ஆட்டுக்கு இருபது பேர் போனால் ஆளுக்கு என்ன மிஞ்சும்? ஆப்பிரிக்கப் புல்வெளியில் வரிக்குதிரையும் காட்டுமாடும் ஆயிரக்கணக்கில் மேய்வதால் புள்ளிக் கழுதைப்புலிக்குப் பெரிய கூட்டம் கட்டுப்படியாகிறது. அது முதல்தரமான வேட்டைக்கார விலங்கும்கூட. வரிக் கழுதைப்புலி இரை தேடப் போவது தனியாக. 1970களில் தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியில் இதைப் பின்தொடர்ந்த விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக், ஒரு பெண் விலங்கு சுமார் 44 சதுர கிலோமீட்டரிலும் ஓர் ஆண் சுமார் 72 சதுர கிலோமீட்டரிலும் சுற்றித் திரிந்ததைக் கணக்கிட்டார். பினாங்குத் தீவு முழுவதுமே ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். ஆண்கள் இந்தக் கணக்கில் வாழ்ந்தால் தீவில் நாலைந்துக்குமேல் அவற்றுக்கு இடம் போதாது.

தனியாக இரை தேடுகிறது என்பதை வைத்து உறவே இல்லாத விலங்கு என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். கென்யாவின் லைக்கிப்பியாவில் நடந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அங்கே ஒரு பெண்ணும் அதோடு வயதுவந்த ஆண்கள் சிலரும் சேர்ந்த சின்னச் சின்னக் குழுக்களாக அவை இருந்தன. இரவில் ஆளுக்கொரு பக்கம் போகும்; பகலில் சில சமயம் ஒன்றாகப் படுத்திருக்கும். பாலூட்டிகளில் ஓர் ஆண் பல பெண்கள் என்ற ஏற்பாடே அதிகம். இங்கே அது தலைகீழ். ஆனாலும் புள்ளிக் கழுதைப்புலியில் இருப்பதுபோல் பெண்கள் ஆண்களைவிடப் பெரிதாக இருந்து ராஜ்யம் நடத்துவது இங்கே இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

குரலும் அப்படித்தான். புள்ளிக் கழுதைப்புலி கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்படி ஊளையிட்டுத் தன் கூட்டத்தைக் கூப்பிடும். அந்தப் பிரபலமான சிரிப்பும் அதனுடையதே. வரிக் கழுதைப்புலிக்குக் கூப்பிட ஆள் இல்லை. உறுமல், முனகல், கிட்டத்தில் கேட்கும் சின்னச் சத்தங்கள், அவ்வளவுதான். இருட்டில் பிணத்தின் பக்கம் போகிற தனி ஆள் சத்தம் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம், சிறுத்தையும் நாய்க்கூட்டமும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

அப்படி யாராவது எதிரே வந்துவிட்டால் என்ன செய்யும்? பிடரியிலிருந்து வால்வரை நீண்ட மயிர் இருக்கிறதே, அதைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். திடீரென்று விலங்கு ஒன்றரை மடங்கு ஆனதுபோல் தெரியும். தங்களுக்குள் சண்டை வந்தால் தொண்டையையும் காலையும் கடிக்கும், அந்த மயிரை விட்டுவிடும். மிரட்டல் பலிக்கவில்லை என்றால் இன்னொரு வித்தை வைத்திருக்கிறது. நாய்கள் சூழ்ந்து கடித்தால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும். நாய்கள் ஆர்வம் இழந்து விலகியதும் எழுந்து ஓடிவிடும். பழைய வேட்டைக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. தனியாக இரை தேடும் விலங்குக்குக் காயம்பட்டால் இரை கொண்டுவந்து கொடுக்க யாரும் இல்லை. வீரத்தைவிட இந்த நடிப்பு லாபம்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் பதிவாகியிருக்கிறது. இஸ்ரேலின் தெற்கு நெகேவ் பாலைவனத்தில் ஓநாய்க் கூட்டத்தின் நடுவே ஒரு வரிக் கழுதைப்புலி சேர்ந்து திரிந்ததை விளாதிமிர் தினேத்ஸ், பெனியாமின் எலிகுலாஷ்விலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஒன்றை ஒன்று விரட்டவேண்டிய விலங்குகள் இவை. ஓநாய்க்கு வேகமும் கூட்டமும் உண்டு. கழுதைப்புலிக்கு மூக்கும் எலும்பை உடைக்கும் வாயும் உண்டு. பாலைவனப் பசி இரண்டையும் சேர்த்துவைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இரண்டே இரண்டு நிகழ்வுகளை வைத்து எழுதியது என்பதால் பெரிய முடிவுக்கு இது போதாது. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான்.

வாய் பேசாத விலங்கு நாற்றத்தால் பேசுகிறது. வாலுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. அதிலிருந்து வரும் களிம்பு போன்ற பொருளைப் பாதையோரப் புல்லில் பூசிவிட்டுப் போகும். பூசுகிற விதத்தைக் கவனிக்கவேண்டும்: புல்தண்டின் மேல் நடந்துபோய், பின்னங்கால்களுக்கு நடுவே அது வரும்படி நின்று, இடுப்பைத் தாழ்த்தி, பிதுங்கிய பையைத் தண்டோடு தேய்த்தபடி ஓரடி நகரும். மெல்லிய தண்டின் மேல் ஒரு கோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வருகிற இன்னொரு கழுதைப்புலி அதை மோந்து பார்த்துவிட்டுத் தன் பங்குக்கும் பூசும். இரண்டு நேரில் சந்தித்தாலும் முதலில் முகத்தை, அப்புறம் வாலுக்கடியில் மோந்துகொள்வதே வழக்கம். இந்த நாற்றத்தைத் தயாரிப்பது விலங்கு மட்டும் இல்லை. கென்யாவில் புள்ளி, வரி ஆகிய இரண்டு இனங்களையும் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, பைக்குள் வாழும் பாக்டீரியா மாறுவதற்கேற்ப வாசனையும் மாறுகிறது என்று காட்டியது.

இந்தப் பையால் ஒரு பழைய குழப்பமும் வந்தது. கழுதைப்புலி ஒரு வருடம் ஆணாகவும் மறு வருடம் பெண்ணாகவும் இருக்கும் என்று பழங்கால மக்கள் நம்பினார்கள். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அதை மறுத்துவிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாலுக்கடியில் ஒரு பிளவு இருக்கிறது, அதைப் பெண்குறி என்று நினைத்துவிட்டார்கள் என்று எழுதினார். பிரமாதமான கவனிப்பு. பின்னால் வந்த பலர் அவரைப் படிக்காமலேயே பழைய கதையைச் சொல்லிக்கொண்டு போனதுதான் பாவம்.

கர்ப்பகாலம் சுமார் மூன்று மாதம். ஒன்று முதல் நாலு குட்டிகள் வரை பிறக்கும். கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஒரு மாதத்தில் இறைச்சியைக் கடிக்க ஆரம்பிக்கும், ஆனாலும் பால் குடிப்பது பல மாதம் தொடரும். பெற்றவை இரையைக் குகைக்கே தூக்கிக்கொண்டு வருவதால் குகை நிறைய எலும்பு சேர்ந்துபோகும். சவுதி அரேபியாவில், கைபர் எரிமலைப் பாறைவெளியில் உம் ஜிர்சான் என்ற நீண்ட எரிமலைக் குழம்புக் குகை இருக்கிறது. அதற்குள் லட்சக்கணக்கில் எலும்புகள். 2021இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் பழையவை சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. மாடு, ஆடு, குதிரை, ஒட்டகம், எலி, கூடவே மனித மண்டையோட்டுத் துண்டுகளும். சேர்த்துவைத்தது பெரும்பாலும் வரிக் கழுதைப்புலிகள் என்றே பல்தடங்கள் சொல்கின்றன. ஆழமில்லாத புதைகுழிகளைத் தோண்டும் பழக்கம் இதற்கு உண்டு. தொல்லியலாளர்களுக்கு இது ஒரு பக்கம் தலைவலி, ஏனென்றால் குகையில் எலும்பு குவிந்திருந்தால் அது மனிதன் தின்றதா கழுதைப்புலி தின்றதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். இன்னொரு பக்கம் அது புதையல். அந்த வட்டாரத்தில் எந்தக் காலத்தில் எந்தக் கால்நடை இருந்தது என்பதை இந்த விலங்கே பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

சரி, மலேசியாவில் ஏன் இல்லை? வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி, அரேபியா, காக்கசஸ், மத்திய ஆசியா வழியாக இந்தியா, நேபாளம்வரை பரவியிருக்கும் இந்த விலங்கு, மியன்மார் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. தடுத்தது கடல் இல்லை, ஈரம் என்பது என் கணிப்பு. ராஜஸ்தானில் ஒரு பிணம் நாள்கணக்கில் காய்ந்து கிடக்கும்; எலும்பு மாதக்கணக்கில் கெடாது. தாமான் நெகாராவில் ஒரு பன்றி செத்தால் ஈயும் எறும்பும் வண்டும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும். அடர்ந்த காட்டில் தொலைதூரம் நடந்து மிச்சம் பொறுக்கும் பிழைப்புக்கு வழி குறைவு.

ஆனால் கழுதைப்புலி என்ற குடும்பமே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கவேண்டாம். தாய்லாந்தின் கிராபியில், பினாங்கிலிருந்து நேர்கோட்டில் 350 கிலோமீட்டருக்குள், யாய் ருவாக் என்ற குகையில் புள்ளிக் கழுதைப்புலியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தபோது பினாங்கு தீவாகவே இல்லை. தீபகற்பத்தின் வழியாகத் திறந்த புல்வெளி நீண்டிருந்தது என்ற கருத்துக்கு அந்தக் குகை ஒரு சான்று. மழைக்காடு திரும்பி வந்து மூடியபோது அந்த விருந்தாளியும் போய்விட்டது.

இப்போது அந்தத் துப்புரவு வேலையை இங்கே செய்பவர்கள் வேறு. கோம்பாக் ஆற்றங்கரையிலும் பினாங்கு வடிகால்களிலும் நாக்கை நீட்டிக்கொண்டு திரியும் பியாவாக், அதாவது நீர் உடும்பு, செத்த மீனையும் நாயையும் விடாது. அப்புறம் காக்கை. கிள்ளானின் ஊர்க்காக்கைகள் 1890களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. புழுவை எவ்வளவு தின்றனவோ, குப்பையை நன்றாகவே தின்கின்றன.

திரும்பவும் இந்தியாவுக்கு வருவோம், ஏனென்றால் இந்த விலங்கின் இன்றைய கஷ்டமெல்லாம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. உலகம் முழுவதும் வயதுவந்த வரிக் கழுதைப்புலிகள் 10,000க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. அழிவை நெருங்கும் நிலையில் உள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். கொல்வது பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கி இல்லை. சிறுத்தைக்கோ ஓநாய்க்கோ வைத்த விஷம் கலந்த பிணத்தை முதலில் தின்பது இதுதான். இரவில் சாலையோரம் நடந்து, அடிபட்டுச் செத்ததைப் பொறுக்கப்போய்த் தானும் அடிபடுகிறது. பல நாடுகளில் இதன் கொழுப்பு, மூளை, மயிர் எல்லாவற்றுக்கும் நாட்டு வைத்தியம், மாந்திரீகம் என்று கிராக்கி.

பயமும் ஒரு காரணம். முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. பீகாரில் 1960களிலும் 70களிலும் குழந்தைகள் தூக்கிச்செல்லப்பட்டதற்குக் கழுதைப்புலியைக் குற்றம்சாட்டும் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் இன்று மனிதனைக் கண்டால் ஒளிவதே இதன் வழக்கம். தாக்குதல் மிக அரிது. இந்தியாவின் வனவிலங்குச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் இதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது, அதாவது புலிக்குச் சமமான பாதுகாப்பு.

பிணந்தின்னிக் கழுகுகளின் கதையும் இங்கே சேர்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தால் 1990களில் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடைசெய்தார்கள். அவை விட்டுச்சென்ற இடத்துக்குக் கழுதைப்புலி வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். வந்தது தெருநாய். பகலிலும் கூட்டமாகவும் மனிதருக்கு அஞ்சாமலும் வரும் நாயோடு, இரவில் தனியாக வரும் விலங்கு போட்டி போட முடியவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது இதற்கு முக்கியமான இருப்பிடம் முதுமலை, சீகூர் பீடபூமி, மாயாறு பள்ளத்தாக்கு, சத்தியமங்கலம் என்று தொடரும் வறண்ட காடு. மிஞ்சிய கழுகுகளும் அதே பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன. அந்தக் காட்டுச் சாலைகளில் இரவு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பது கழுதைப்புலிக்கு நல்லதே. பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலையில் 2009 முதலும், திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் அது நடப்பில் உள்ளது.

திருச்சி விமானத்தில் போய் இறங்கி ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் மசினகுடி பக்கம் போனால் பார்த்துவிடலாமா என்று கேட்பார்கள். வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்தப் புதர்க்காட்டில் தானியங்கிக் கேமராவில் விழுவதே பெரிய விஷயம். அனுமதியுள்ள வனத்துறை வண்டியில் போகும்போது வழிகாட்டியிடம் கேட்டால் தடத்தைக் காட்டக்கூடும்: நாலு விரல், நகம் பதிந்திருக்கும், முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடப் பெரிதாக இருக்கும். விலங்கையே பார்த்துத் தீரவேண்டும் என்பவர்களுக்கு குஜராத்தில் பாவ்நகர் பக்கம் உள்ள வேலாவதர் புல்வெளி இன்னும் நல்ல இடம். வெளிமான் கூட்டங்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட திறந்த வெளி அது. மறைவு குறைவு என்பதால் அந்தி சாயும் நேரத்தில் வளையைவிட்டுக் கிளம்பும் கழுதைப்புலி கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு. மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டு டிக்கெட் போடவும்.